ஃபெயிலான காரின் வாக்குமூலம்

லாஸ் ஏஞ்சலஸில் ஓடும் ஒரு பழைய கார், 1994 மாடல் டொயோட்டா கொரோலா என்று வைத்துக்கொள்வோம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனைக்குப் போயாக வேண்டும். அங்கே அதற்கு ‘ஸ்மாக் செக்’ என்று பெயர். வண்டியை நிறுத்திவைத்து, சைலன்சருக்குள் கம்பியை நுழைத்து, இரண்டு நிமிடத்தில் சீட்டுக் கிழித்துத் தருகிற நம்மூர் விவகாரம் மாதிரி அல்ல அது. முன்சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றுவார்கள். உருளைகள் எதிர்த்துப் பிடிக்க, கார் நின்ற இடத்திலேயே மேட்டில் ஏறுவது போல மூச்சுவாங்கி ஓடும். முதலில் மணிக்கு 24 கிலோமீட்டர், அப்புறம் 40. இரண்டு வேகத்திலும் குழாயிலிருந்து வருவதை ஒரு கருவி முகர்ந்து பார்த்து எண்களாக அச்சடித்துத் தரும்.

தாளில் ஐந்து வாயுக்கள் இருக்கும். ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு ஆகிய மூன்றுக்கும் வரம்பு உண்டு. ஒன்று தாண்டினாலும் ஃபெயில். கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் இரண்டுக்கும் அப்படி வரம்பு கிடையாது. சும்மா தகவலுக்குப் போட்டது போலத் தெரியும். ஃபெயிலானால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவு இல்லையென்றால் காரை ரோட்டில் இறக்க முடியாது. கார் இல்லையென்றால் அந்த ஊரில் பலருக்கு வேலைக்கே போக முடியாது. ஒரு தாள், ஒரு எண், ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் என்று சங்கிலி நீள்கிறது.

“வண்டி நல்லாத்தானே ஓடுது?” என்பதுதான் உரிமையாளரின் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. நன்றாக ஓடுவதும் சுத்தமாக ஓடுவதும் வேறு வேறு என்பதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கே பல வருடங்கள் ஆயின. அந்த மூன்று வாயுக்களும் ஒரே நாளில் தாளில் ஏறி உட்கார்ந்துவிடவில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது. அந்தச் சண்டைகளைத் தெரிந்துகொண்டு தாளைப் படித்தால் கோளாறு எங்கே என்பது கிட்டத்தட்டப் பிடிபட்டுவிடும். கூடவே இன்னொன்றும் தெரியவரும். சோதனையில் தோற்ற கார் குறைந்தபட்சம் பொய் சொல்லவில்லை.

முதல் கட்டம்: எரியாமல் போன பெட்ரோல்

1943 ஜூலை 26. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு பழுப்புப் புகை மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் அல்லவா, ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. பிறகு பழி அலிசோ தெருவில் இருந்த ஒரு தொழிற்சாலை மீது விழுந்தது. செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் தயாரிக்கும் இடம் அது. மக்கள் கோபத்தில் ஆலையை நிறுத்தினார்கள். புகைப்பனி நிற்கவில்லை.

ஊரைச் சுற்றி மலைகள். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பது வெளியே போக வழியில்லை. ஆனால் உள்ளே இருப்பது என்ன? லண்டன் புகை என்றால் நிலக்கரியின் கந்தகம் என்று சொல்லிவிடலாம். இங்கே அவ்வளவு நிலக்கரி எரிக்கவில்லை. பிரகாசமான வெயில் நாளில்தான் புகை மோசமாகிறது. ரப்பர் பொருட்கள் வெடிப்பு விடுகின்றன. கீரை இலைகள் வெளிறிப்போகின்றன.

பதில் கால்டெக் நிறுவனத்தில் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து வந்தது. ஆரி ஹாகன்-ஸ்மிட், நெதர்லாந்தில் பிறந்த வேதியியலாளர். பழத்தின் வாசனையைக் குளிரவைத்துத் துளித்துளியாகச் சேகரிக்கும் கலை அவருக்குக் கைவந்தது. அதே வித்தையை ஊர்க் காற்றின் மேல் காட்டினார். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்ன கணக்கு இது: எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள், வெயில். மூன்றும் சேர்ந்தால் ஓசோன். குழாயிலிருந்து வருவது பாதி விஷம்தான். மீதியைச் சூரியன் சமைக்கிறது.

எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் பணத்தில் இயங்கிய ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் அவர் முடிவை மறுத்தார்கள். ஹாகன்-ஸ்மிட் ஆய்வகத்திலேயே செயற்கைப் புகைப்பனியைத் தயாரித்துக் காட்டினார். இன்னொரு பக்கம் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பிரதிநிதி கென்னத் ஹான், 1953 முதல் டெட்ராய்ட் கார் கம்பெனிகளுக்கு வருடக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கார் புகை சீக்கிரம் காற்றில் கலைந்துவிடும், அதனால் மாசுப் பிரச்சினை ஏதும் இல்லை என்கிற பொருளில் ஃபோர்டிடமிருந்து பதில் வந்தது. மாசுக் கருவிகளை வேண்டுமென்றே தாமதப்படுத்த 1953 முதலே கார் கம்பெனிகள் கூடிப் பேசிவைத்திருந்தார்கள் என்று 1969இல் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. அதே வருடம் விசாரணை இல்லாமலே சமரசத்தில் முடிந்துபோனது. ஹானின் கடிதக் கட்டு மட்டும் ஆவணமாக மிஞ்சியது.

இப்போது தாளுக்கு வருவோம். ஹைட்ரோகார்பன் என்ற கட்டத்தில் எண் ஏறியிருக்கிறது என்றால் அர்த்தம் எளிது: சிலிண்டருக்குள் போன பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியே வந்துவிட்டது. ஏன் எரியவில்லை? இதற்கு அந்தச் ‘சும்மா’ கட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜனும் கூடவே ஏறியிருக்கிறதா? அப்படியென்றால் பெட்ரோலும் இருந்தது, காற்றும் இருந்தது, இரண்டுக்கும் கல்யாணம்தான் நடக்கவில்லை. மெக்கானிக் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார். ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம், பிளக் ஒயரில் கீறல் விழுந்து மின்சாரம் வழியிலேயே கசியலாம், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வெடிப்பு இருக்கலாம், வால்வு கருகி அழுத்தம் நிற்காமல் போகலாம்.

இன்னொரு வழியும் உண்டு. என்ஜினுக்குள் காற்று போகும் பாதையில் ஒரு ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருக்கும். கணக்கில் வராத காற்று அந்த ஓட்டை வழியாக நுழையும். கலவையில் பெட்ரோல் குறைந்து, தீப்பொறி விழுந்தாலும் தீ பரவாமல் அணைந்துவிடும். ஓசோனால் ரப்பர் வெடிப்பதை வைத்துத்தான் அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் காற்றின் கடுமையை அளந்தார்கள். பழைய காரின் ரப்பர் குழாய் வெடித்திருப்பதில் வயசுக்கும் சூட்டுக்கும் பெரும் பங்கு, அந்த ஓசோனுக்கும் ஒரு சிறு பங்கு. அப்படி வெடித்த குழாயால் இன்னும் கொஞ்சம் எரியாத பெட்ரோல் வெளியே போகும். அதிலிருந்து இன்னும் கொஞ்சம் ஓசோன்.

இரண்டாம் கட்டம்: மூச்சுத் திணறும் தீ

கார்பன் மோனாக்சைடு என்பது தீ மூச்சுத்திணறியதற்கான அடையாளம். பெட்ரோல் முழுசாக எரிய வேண்டுமென்றால் எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன் கிடைக்காது, ஒன்றோடு வெளியே வந்துவிடும். இதை ‘ரிச்’ கலவை என்பார்கள். பணக்காரக் கலவை, செலவும் பணக்காரச் செலவுதான். மைலேஜ் அடிவாங்கும், குழாய் நுனி கரி பிடித்திருக்கும்.

கார்புரேட்டர் காலத்தில் யாரும் 14.7 என்று கவலைப்படவில்லை. கார்புரேட்டர் என்பது காற்று உறிஞ்சுகிற வேகத்தில் பெட்ரோலை இழுத்துவிடும் ஒரு நுட்பமான பித்தளைத் துளை, அவ்வளவுதான். ரிச்சாக இருந்தால் வண்டி சுலபமாக ஸ்டார்ட் ஆகும், திணறாது, வாடிக்கையாளர் திட்டமாட்டார். ‘நல்லா ஓடுது’ என்பதே அளவுகோல். 1966 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியா முதன்முதலில் குழாய் வாயுக்கு வரம்பு போட்டபோதுதான் இரண்டாவதாக ஒரு அளவுகோல் வந்தது.

ஆனால் 14.7இல் கலவையை நிறுத்திவைப்பது துளைகளால் ஆகிற காரியம் இல்லை. யாராவது புகையை முகர்ந்து பார்த்து நொடிக்கு நொடி திருத்தம் சொல்ல வேண்டும். 1977 மாடல் வால்வோ 240, கலிஃபோர்னியாவுக்காக அப்படி ஒரு மூக்கோடு வந்தது. பாஷ் கம்பெனியின் ‘லாம்டா சோண்டே’, நம் வாயில் ஆக்சிஜன் சென்சார். சிர்கோனியா பீங்கானால் ஆன விரல் அளவுக் குப்பி. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் வேலையை ஆரம்பிக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவில் முனகும், இல்லையென்றால் 0.9 வோல்ட்டை நெருங்கும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, ரிச் என்றால் பெட்ரோலைக் குறைக்கும், லீன் என்றால் கூட்டும். நல்ல சென்சாரின் வோல்டேஜ் மேலும் கீழும் ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டர் நுழைந்த இடத்தில் எங்கள் தொழிலின் வியாதிகளும் நுழைந்தன. புரோகிராம் எவ்வளவு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தாலும், உள்ளே வரும் தகவல் தப்பென்றால் வெளியே போகும் முடிவும் தப்புதான். பழைய காரில் கார்பன் மோனாக்சைடு ஏறினால் பெரும்பாலும் யாரோ கம்ப்யூட்டரிடம் தவறான தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிழடான சென்சார் ஊஞ்சல் ஆட மறந்து ஒரே இடத்தில் நின்றிருக்கலாம். என்ஜின் தண்ணீரின் சூட்டை அளக்கும் சின்ன சென்சார் கெட்டுப்போய், ‘இன்னும் குளிராத்தான் இருக்கு’ என்று தாம்பரம் வெயில் போலக் கொதிக்கும் என்ஜினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கலாம். கம்ப்யூட்டர் பாவம், குளிர்காலக் காலைக்கு ஊற்றுகிற மாதிரி நாள் முழுக்கப் பெட்ரோல் ஊற்றும்.

இதில் அழகான ஏமாற்று ஒன்று உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால், புகைபோகும் வார்ப்பில் மயிரிழை விரிசல். புகை துடித்துத் துடித்துப் போவதால், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அந்த விரிசல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த வெளிக்காற்றின் ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்று சத்தம் போடும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். தாளில் கார்பன் மோனாக்சைடு எகிறும். சென்சாரை மாற்றுவார்கள், சரியாகாது. சென்சார் பொய் சொல்லவில்லையே. கண்ணெதிரே இருந்ததைத்தான் சொன்னது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்கும் பழைய மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிடுவார்.

மூன்றாம் கட்டம்: நல்ல தீயின் விஷம்

முதல் இரண்டும் அரைகுறையாக எரிவதால் வருபவை. மூன்றாவது நேர்மாறு. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். சாதுவான வாயு, யாரோடும் சேராது. ஆனால் சிலிண்டருக்குள் சூடு மிக அதிகமானால் அதுவும் ஆக்சிஜனோடு கூட்டுச் சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிவிடும்.

1960களின் நடுவில் முதல் இரண்டு வாயுக்களுக்கு மட்டும் வரம்பு வந்தபோது, கம்பெனிகள் கலவையில் காற்றைக் கூட்டி எரிப்பைச் சரிசெய்தன. அவை இரண்டும் குறைந்தன. நைட்ரஜன் ஆக்சைடு ஏறியது. ஹாகன்-ஸ்மிட் கணக்கில் வெயில் சமைக்கும் இரண்டு பொருட்களில் ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டியதுபோல் ஆயிற்று. 1971 மாடல்களிலிருந்து கலிஃபோர்னியா மூன்றாவதற்கும் வரம்பு போட்டது. எது அளக்கப்படுகிறதோ அதுதான் குறையும். அளக்காதது எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

இதற்கு வந்த மருந்து விசித்திரமானது. எரிந்த புகையிலேயே கொஞ்சத்தைத் திருப்பி சிலிண்டருக்குள் அனுப்புவது. செத்துப்போன வாயு, எரியாது. இடத்தை அடைத்துக்கொண்டு தீயின் சூட்டைத் தணிக்கும். இதைத் திறந்து மூடும் வால்வுக்கு இ.ஜி.ஆர். என்று பெயர். இருபது முப்பது வருடம் புகையையே குடித்துக்கொண்டிருந்தால் அதன் பாதை கரி அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஹைட்ரோகார்பன் சரி, மோனாக்சைடு சரி, நைட்ரிக் ஆக்சைடு மட்டும் உருளையில் பாரம் ஏற்றும்போது எகிறுகிறது என்றால் முதலில் அந்தப் பாதையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், பிஸ்டன் தலையில் படிந்த கரி.

வண்டியை உருளையில் ஏன் ஏற்றுகிறார்கள் என்பதும் இங்கே புரியும். சும்மா நிற்கும் என்ஜினில் சூடு அவ்வளவு ஏறாது, இந்த வாயு பெரிதாக வராது. நிற்கவைத்துச் சோதித்தால் அடைத்துப்போன இ.ஜி.ஆர். உள்ள கார் ஜம்மென்று பாஸாகிவிடும்.

கடைசிச் சந்தேகம்: கன்வெர்ட்டர்

மூன்று கட்டங்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால்? என்ஜினுக்கும் குழாய் நுனிக்கும் நடுவில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். தேன்கூடு போலத் துளையிட்ட பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. எரியாததை எரிக்கும், நைட்ரிக் ஆக்சைடை உடைக்கும்.

யூஜின் ஹூட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கச்சா எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் வினையூக்கி முறைக்காகப் பெயர் பெற்றவர், லாஸ் ஏஞ்சலஸ் புகையைப் பற்றிப் படித்துவிட்டு 1950களிலேயே இப்படி ஒன்றைச் செய்துவிட்டார். காரில் போட முடியவில்லை. காரணம் ஈயம். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி, என்ஜின் நாக்கிங்கை நிறுத்தப் பெட்ரோலில் ஈயக் கலவை சேர்க்கலாம் என்று கண்டுபிடித்திருந்தார். அந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைக் கொன்றுவிடும். ஹூட்ரி 1962இல் இறந்தார். அவர் கருவிக்கு வழிவிட 1970ஆம் வருடத்துச் சுத்தக் காற்றுச் சட்டம் வேண்டியிருந்தது. 1975 மாடல்களில் கன்வெர்ட்டர் வந்தது. அதற்கு முந்தின ஜூலையிலிருந்து ஈயமில்லாத பெட்ரோலைப் பெரிய பங்குகளில் கட்டாயம் விற்க வேண்டும் என்றானது.

கால்டெக்கிலேயே இருந்த கிளேர் பேட்டர்சன், மனித உடம்பில் ஈயம் இயற்கைக்கு மீறி ஏறிக்கிடக்கிறது என்று 1965இலேயே எழுதியிருந்தார். அப்படியிருந்தும் ஈயமில்லாப் பெட்ரோல் பங்குக்கு வரக் காரணம் குழந்தைகளின் மூளை அல்ல. பீங்கான் கட்டியின் ஆயுள். உடல்நலத்துக்காக ஈயத்தைக் குறைக்கும் விதிகள் தனியாக, மெதுவாக வந்தன. 1996இல்தான் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு அது முழுசாகத் தடையானது.

கோளாறு தேடுபவர்கள் செய்யும் பெரிய தப்பு, கன்வெர்ட்டரை முதலில் மாற்றுவது. அது தானாகச் சாவது அபூர்வம், பெரும்பாலும் கொல்லப்படும். மிஸ்ஸிங் இருந்தால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து பீங்கானை உருக்கிவிடும். என்ஜின் ஆயில் குடித்தால் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சை மூடிவிடும். ரிச் கலவை அதை ஓயாமல் சூட்டிலேயே வைத்திருக்கும். புதுசு போட்டால் இந்த முறை பாஸ், சந்தேகமில்லை. பழைய குற்றவாளி என்ஜினுக்குள்ளேயே உட்கார்ந்து புதுசையும் தின்ன ஆரம்பிப்பான். கலிஃபோர்னியா ஒப்புதல் பெற்ற கன்வெர்ட்டர் மலிவும் அல்ல. அதனால் வரிசை முக்கியம்: முதலில் தீப்பொறி, அப்புறம் காற்று ஓட்டைகள், அப்புறம் சென்சார்கள், இ.ஜி.ஆர்., எல்லாம் சரியென்ற பிறகு கன்வெர்ட்டர். சோதனைக்கு முன் அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிச் சூடேற்றிக் கொண்டுபோக வேண்டும். ஆறிய கன்வெர்ட்டர் வெறும் பீங்கான்.

பழசு என்ற குற்றம்

1987இல் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் ரோட்டின் குறுக்கே அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, கடந்துபோகும் ஒவ்வொரு காரின் புகையையும் அளக்க ஆரம்பித்தார். அவர் கண்டது: மொத்தக் கார்பன் மோனாக்சைடில் சுமார் பாதியைப் பத்தில் ஒரு பங்கு கார்களே கக்குகின்றன. அந்தப் பத்தில் ஒன்று என்பது பழைய கார்கள் என்று அர்த்தமல்ல. கவனிக்காமல் விடப்பட்ட கார்கள் என்று அர்த்தம். நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய கார் சுத்தமாக இருந்தது. கெட்டுப்போன புதுக் கார் அழுக்காக இருந்தது.

ஆனால் கவனிப்புக்குக் காசு வேண்டும். பழைய காரை வைத்திருப்பவரிடம் அது இருப்பதில்லை. இந்த இடத்தில் எண்ணெய்க் கம்பெனிகள் ஒரு வழி கண்டன. 1990இல் யூனோகால் கம்பெனி, 1971க்கு முந்தைய கார்களை ஒன்றுக்கு 700 டாலர் என்று 8,000க்கும் மேல் வாங்கி நொறுக்கியது. கைதட்டல் கிடைத்தது. 1993இல் தென் கலிஃபோர்னியாவின் காற்று நிர்வாகம் ஒரு விதி போட்டது: பழைய காரை நொறுக்கினால் கம்பெனிக்கு மாசுக் கணக்கில் வரவு. அந்த வரவைக் காட்டி, கப்பலில் எண்ணெய் ஏற்றும்போது கிளம்பும் ஆவியைப் பிடிக்கும் கருவியைப் போடாமல் தள்ளிப்போடலாம். ஆயிரம் தெருக்களில் சிதறிக்கிடந்த புகை குறைந்தது. துறைமுகத்தை ஒட்டிய வில்மிங்டன், சான் பெட்ரோ பக்கத்து வீடுகளுக்கு அருகில் எண்ணெய் ஆவி அப்படியே தொடர்ந்தது. சராசரியில் ஊருக்கு லாபம். சராசரியில் யாரும் மூச்சுவிடுவதில்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குக்குப் போக வேண்டியிருந்தது.

பழைய கார் குற்றவாளிதான். ஆனால் அதன் குற்றத்தை விலைக்கு வாங்கி, வேறொருவர் தன் கணக்கை அதில் கழித்துக்கொள்ள முடிந்தது.

ஜெயித்தவர்கள்

இனி சோதனையில் ஜெயித்தவர்களின் கதை. 1973 மாடல் ஃபோக்ஸ்வாகன் கார்கள் சிலவற்றில் வெளிச் சூட்டை உணரும் சுவிட்ச் இருந்தது. குறிப்பிட்ட சூட்டுக்கு வெளியே மாசுக் கட்டுப்பாட்டை அது நிறுத்திவிடும். 1974இல் 1,20,000 டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். 1995இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 4,70,000 காடிலாக் கார்களுக்காக 45 மில்லியன் டாலர் அளவில் சமரசத்துக்கு வந்தது. ஏ.சி. போட்டால் கம்ப்யூட்டர் சிப் கலவையை ரிச் ஆக்கும். அரசுச் சோதனையோ ஏ.சி. போடாமல் நடப்பது.

2013இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு குழு, மூன்று டீசல் கார்களின் பின்னால் கையடக்க அளவுக் கருவிகளைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா ரோடுகளில் ஓட்டியது. டேனியல் கார்டர் தலைமை. வண்டியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களில் மார்க் பெஷ், ஹேமந்த் கப்பண்ணா, அர்விந்த் திருவேங்கடம். கடைசிப் பெயரைப் படித்ததும் நம்மவர்களுக்குக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ, சான் ஃபிரான்சிஸ்கோ, ஒரு காரோடு சியாட்டில் வரை போய்வந்தார்கள். இரண்டு ஃபோக்ஸ்வாகன் கார்களும் உருளையில் சமர்த்தாக இருந்தன. ரோட்டில் ஜெட்டா வரம்பைப் போல 15 முதல் 35 மடங்கு, பஸாட் 5 முதல் 20 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கின. மூன்றாவதாக இருந்த பி.எம்.டபிள்யூ. பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்துகொண்டது. அதனால் கருவி கெட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றச்சாட்டை வெளியிட்டது. ஸ்டீரிங் எவ்வளவு திரும்புகிறது, வேகம் என்ன, எவ்வளவு நேரமாக ஓடுகிறது, காற்றழுத்தம் என்ன என்று பார்த்து, ‘இது சோதனை’ என்று முடிவுகட்டும் சாஃப்ட்வேர். சக்கரம் சுற்றுகிறது, ஸ்டீரிங் திரும்பவே இல்லை என்றால் வண்டி உருளை மேல்தான் நிற்கிறது. ஒரு நிபந்தனை, இரண்டு கிளை. புரோகிராமிங் படிக்கிற யாரும் முதல் வாரத்தில் எழுதுவது இதுதான். உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் சென்சார் கிழடாகிப் பொய் சொல்வது வேறு, சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பொய்யை எழுதிவைப்பது வேறு. முன்னதை மாற்றச் சில பத்து டாலர்கள் போதும்.

அதே 2015ஆம் வருடம் மார்ச்சில் கலிஃபோர்னியா தன் ஸ்மாக் செக் முறையை மாற்றியிருந்தது. 2000 மாடலும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களும் இனி உருளையில் ஏற வேண்டாம், குழாயில் கம்பியும் வேண்டாம். டாஷ்போர்டுக்குக் கீழே ஒயரைச் செருகி, ‘உனக்கு ஏதாவது கோளாறு உண்டா?’ என்று காரின் கம்ப்யூட்டரிடமே கேட்டுக்கொள்வார்கள். டீசல் கார்களிடம் 2010 முதலே அப்படித்தான் கேட்டுவந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் டீசல்களின் கம்ப்யூட்டரும் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பெரும்பாலான கார்களுக்கு இந்த முறை நியாயமாகவே வேலை செய்கிறது. மலிவு, வேகம், வருடம் முழுக்கக் காரே தன்னைக் கவனித்துக்கொள்ளும். ஆனாலும் இன்று அந்த மாநிலத்தில் புகையை நேராகக் குழாயிலிருந்தே முகர்ந்து பார்ப்பது 1976 முதல் 1999 வரையிலான கார்களுக்குத்தான். வருடாவருடம் அவை குறைந்துகொண்டு வருகின்றன. அதுவரை அந்தக் கொரோலா உருளை மேல் ஏறி, தன் வெடித்த ரப்பர் குழாயையும் கரி அடைத்த வால்வையும் ஐந்து எண்களில் ஒளிக்காமல் சொல்லிவிட்டு இறங்கும். அதைப் படித்து, எந்த ஸ்பேனரை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய ஒரு மெக்கானிக் இருந்தால் போதும்.